மஞ்சள் கடவையில் கை தூக்கிய அக்காவுக்கு

முதலில் நான் பார்த்தது அந்தப் பெண்ணின் வலது காலைத்தான். இன்று காலை பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர். முன்னால் போகும் வாகனத்தை எங்கள் பஸ் நெருங்கும்போதெல்லாம் அந்தக் கால் தரையை அழுத்தியது. மடியில் மரக்கறிப் பை, முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கால் மட்டும் தன்பாட்டில் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது. இவரும் எங்கேயோ கார் ஓட்டியவர் என்று நினைத்தேன். எங்கே என்று கேட்க வாய் வரவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன், அக்கா.

உங்களிடமும் நான் முதலில் கவனித்தது அதைத்தான். நீங்கள் லண்டனிலிருந்து வந்து, வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து ஃபிளாட்டில் உங்கள் அண்ணாவோடும் அண்ணியோடும் இருக்கத் தொடங்கிய புதிது. நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவுக்கு இடியப்பம் பிழிய உதவிக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வீடு மாறி வந்தபின் சேர்ந்த பள்ளிக்கூடத்தில், எழுப்பிக் கேள்வி கேட்டால் எனக்குக் குரல் வராது. பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு நாள் போகவில்லை, பிறகு போகவேயில்லை.

“நீ வீட்டிலதானே நிக்கிறாய், அவ வெளியில போகேக்க கூடப் போவியோ?” என்று அண்ணி கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மனசில வருத்தம். தனிய விட ஏலாது” என்றார். எனக்குப் பயமாக இருந்தது. மனதில் நோய் என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாகவும் இருந்தது.

அன்றைக்கே நாங்கள் திரீவீலரில் போனோம். உங்கள் கால் தரையை அழுத்துவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில், “என்னக்கா செய்யிறீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“பிரேக் பிடிக்கிறன். இவர் பிடிக்கமாட்டார் போல கிடக்கு.”

நான் சிரித்தேன். வெளியாள் ஒருவர் முன்னால் நான் சிரித்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அதன் பிறகு கேட்காத கேள்வி இல்லை. அங்கே ஹோர்ன் அடிப்பார்களா? அடித்தால் சண்டைக்கு வருகிறார்கள் என்று அர்த்தம் என்றீர்கள். ஆட்கள் வீதியைக் கடக்கும் கடவையில் காலை வைக்கமுன்பே கார் நின்றுவிடும் என்றீர்கள். நான் நம்பவில்லை. இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும் ஒடுக்கமான தெருக்களில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்தால், ஒருவர் ஒதுங்கி நின்று லைட்டை ஒருதரம் அடிப்பார். அதற்கு ‘நீ போ’ என்று அர்த்தம். மற்றவர் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போவார். “அந்தக் கையைத் தூக்காமப் போனா, அண்டைக்கு முழுக்க எனக்கு மனசு சரியிருக்காது” என்றீர்கள்.

அந்தக் கைதான் எங்களைப் படாத பாடு படுத்தியது. எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு திரீவீலர் சற்று மெதுவாகப் போனாலும் கையைத் தூக்கி விடுவீர்கள். அவர் உடனே நிறுத்தி, “எங்க போகணும், மிஸ்?” என்பார். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம். பப்பாசிப்பழம் வாங்கப் புறப்பட்டு, சொல்ல வாயில்லாமல் ஏறித் தெஹிவளை வரை போய்த் திரும்பியிருக்கிறோம்.

உங்கள் வருத்தம் எது, வெளிநாட்டுப் பழக்கம் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அப்போது எனக்குப் பெரிய ஆராய்ச்சி. திரீவீலரில் ஏறியதும் தோளுக்கு மேலே கையை விட்டு பெல்ட்டைத் தேடுவது பழக்கம். அண்ணி அதையும் வருத்தத்தில்தான் சேர்த்திருந்தார். வாகன நம்பர்களில் உங்களுக்கென்று யாரோ செய்தி அனுப்புவதாக நம்புவது வருத்தம். அது தொடங்கினால் நீங்கள் யன்னல் சீலையை இழுத்து மூடிவிடுவீர்கள், பேச்சு குறைந்துவிடும், தேத்தண்ணீர் ஆறிப்போகும். அந்த நேரத்தில் “அப்படி ஒண்டும் இல்லையக்கா” என்று சொன்னால் நீங்கள் என்னையும் நம்பமாட்டீர்கள் என்று இரண்டாம் தரமே தெரிந்துவிட்டது. அதனால், “என்ன சொல்லுதாம்?” என்று கேட்பேன். “சிரிக்காத” என்பீர்கள். நான் சிரிக்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டேன். கேட்டு முடித்ததும் அண்ணியிடம் போய்ச் சொல்லிவிடுவேன். டொக்டர் தந்த குளிசையைப் போடாமல் விட்டுவிட்டீர்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னதும் நான்தான். இரண்டு நாள் நீங்கள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கதவைத் தட்டி, “வா, கடைக்குப் போவம்” என்றீர்கள். லண்டனில் வருத்தத்தைக் காரணம் காட்டி, கார் ஓட்டும் லைசன்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன கதையை அன்றுதான் சொன்னீர்கள். கெட்டித்தனமாக ஓட்டுவீர்களாம். அதைச் சொல்லும்போது உங்கள் கை இல்லாத கியரை மாற்றியது.

பிறகு அந்தப் பின்னேரம் வந்தது. காலி வீதி மஞ்சள் கடவையில் நீங்கள் முன்னால், நான் ஓரடி பின்னால். தூரத்தில் வந்த பஸ் லைட்டை இரண்டு தரம் அடித்தது. நீங்கள் சாரதியைப் பார்த்துக் கையைத் தூக்கினீர்கள், சிரித்தீர்கள், இறங்கி நடந்தீர்கள். பஸ் கத்திக்கொண்டு நின்றது. உங்கள் சட்டை பஸ்ஸில் உரசியதை நான் கண்டேன். கொண்டக்டர் இறங்கி ஏசினார். கூட்டத்தில் நின்ற யாரோ நாங்கள் வீடு வரமுன்பே உங்கள் அண்ணாவுக்குக் கோல் எடுத்துவிட்டார்கள்.

“ஏன் பஸ்ஸுக்கு முன்னால போனனீ?” என்று அண்ணா கேட்டார்.

“அவர் போகச் சொன்னவர்” என்றீர்கள்.

அவ்வளவுதான். அண்ணாவும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாகனங்கள் செய்தி சொல்வதாக நீங்கள் முன்பு சொன்னதெல்லாம் அந்தப் பார்வைக்குள் இருந்தது. உங்களை அறைக்குள் விட்டு வெளியே பூட்டினார்கள். “இனி வீட்டில வச்சிருக்க ஏலாது. நாளைக்கே ஆஸ்பத்திரி வார்டில விடுவம்” என்றார் அண்ணா. வார்டுக்கு மட்டும் திரும்பிப் போகமாட்டேன் என்று நீங்கள் எனக்குச் சொல்லியிருந்தீர்கள். உள்ளே நீங்கள் கதவைத் தட்டவேயில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். “லைட்” என்ற ஒரு சொல் வந்தது. மிச்சம் வரவில்லை. அண்ணா, “நீ வீட்ட போ, பிள்ளை” என்றார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. கீழே திரீவீலர் நிறுத்தும் இடத்துக்கு ஓடி, எங்களைத் தெஹிவளை வரை ஏற்றிப்போன அதே சிங்கள ஐயாவைக் கூப்பிட்டேன். என்ன ஏது என்று கேட்காமல் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பஸ்காரர் லைட் அடித்தால் என்ன அர்த்தம் என்று அண்ணாவுக்கு முன்னால் அவரிடம் கேட்டேன். ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரிந்ததைக் கேட்கிறாளே என்பதுபோல என்னைப் பார்த்தார்.

“மம எனவா, ஓயா இன்ன” என்றார். நான் வருகிறேன், நீ நில்.

“லண்டனில அதுக்கு ‘நீ போ’ எண்டு அர்த்தம், அண்ணா” என்றேன். “பஸ் லைட் அடிச்சது. அக்கா தாங்க்ஸ் சொல்லிப்போட்டுத்தான் இறங்கினவ.” அந்த வீட்டில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அண்ணா லண்டனில் இருக்கும் மச்சானுக்குக் கோல் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். “வழி விடுறான் எண்டுதான் அர்த்தம். ஏன் இப்ப இதைக் கேக்கிறாய்?” என்றது ஃபோன். அண்ணா ஃபோனை வைத்தார். போய்க் கதவைத் திறந்தார்.

ஆனாலும் எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. அடுத்த நாள் உங்களிடம் கேட்டேன். “உண்மையைச் சொல்லுங்கோ. போகச் சொன்னது டிரைவரோ, பஸ்ஸோ?”

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். “டிரைவர்தானடி. பஸ் கதைச்சா உனக்குத்தானே முதல் சொல்லுவன்.”

அதற்குப் பிறகும் நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறித்தான் வந்தன. வார்டுக்குப் போகவில்லை. கிளினிக்குக்கு நானும் கூட வந்தேன். டொக்டர் கேட்கும்போது நீங்கள் பாதி சொல்வீர்கள், மிச்சத்தை நான் சொல்வேன். இப்போது தெரியாத ஒரு பழக்கத்தைக் கண்டால், அது எந்த ஊரிலிருந்து வந்திருக்கும் என்றுதான் எனக்கு முதலில் யோசனை போகிறது. அது உங்களால் வந்தது.

பிறகு உங்களுக்கு டெங்கு வந்தது. ஒரு கிழமை முழுதாக ஆகமுன்பே நீங்கள் போய்விட்டீர்கள். உங்களைக் கிடத்தியிருந்த மலர்ச்சாலையில் நான் பின்வரிசையில், அம்மாவின் பக்கத்தில் இருந்தேன். ஹெந்தளையிலிருந்து வந்த உங்கள் சொந்தக்கார அன்ரி ஒருவர் முன் கதிரையில் இருந்து மெதுவாகக் கதைத்தார். “இது அந்த பஸ்ஸுக்கு முன்னால பாய்ஞ்ச பிள்ளையல்லோ? டெங்கு எண்டுதான் சொல்லுவினம். என்ன நடந்ததெண்டு ஆருக்குத் தெரியும்?”

அண்ணாவைப் பார்த்தேன். அவர் வாசலில் ஆட்களுக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், எதுவும் காதில் விழும் நிலையில் இல்லை. அம்மா என் கையைப் பிடித்தார். நான் எழும்பினேன்.

“டெங்குதான், அன்ரி. அண்டைக்கும் அவ பாயேல்ல.”

அவர் திரும்பிப் பார்த்தார். “நீ ஆர், பிள்ளை?”

“அக்காவின்ர ஃபிரெண்ட்.”

கதிரை ஒன்றை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்று நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.