அம்மா பாடவில்லை

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் பிரசங்கத்தைக் கேட்டேன். நம் அம்மா பாடிக்கொண்டே, சிரித்த முகமாய்க் கண் மூடினாள் என்றாய். சபையே அழுதது. நீ வந்து சேர்ந்ததோ சவப்பெட்டியை மூடிய பிறகு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

நேற்று நம் சபைத் தையல்காரம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். இனி வைத்தியமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, சாகப் பயமா இருக்கு. உங்கம்மா பாடிக்கிட்டே போனாங்களாமே, எனக்குத்தான் விசுவாசம் பத்தலையோ?"

"தம்பி கெடக்கான். எங்கம்மா கடைசி வரைக்கும் நடுங்கிக்கிட்டுதான் இருந்தாங்க. ஆண்டவரே, ஆண்டவரேன்னு கூப்பிட்டாங்க. பாட்டாவது ஒண்ணாவது!" என்றேன். அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சே சீராக வந்தது.

சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்தில் ஆண்டவரே கலங்கி வேர்த்தார். எழுத்துக்கூட்டிப் படித்த எனக்கே அது தெரியும். கல்லூரியில் படித்த உனக்கு எதற்கு இந்த ஜோடனை?

வருகிற ஞாயிறு, அதே இடத்தில் நின்று, அம்மா பயந்தாள் என்று சொல். சொல்லாவிட்டால் முதல் பெஞ்சிலிருந்து நான் எழுந்து சொல்வேன். அக்காதானே என்று அடக்க வராதே.

ஆண்டவருக்கு அடுத்து அம்மா கூப்பிட்டது உன்னைத்தான். அதை மட்டும் சபையில் சொல்ல மாட்டேன்.

அக்கா