துட்டி வீட்டு வாசலில் நின்ற கார்

வெள்ளிக்கிழமை இரவு

இன்று மத்தியானம் மம்சாபுரத்தில் பெரியப்பா இறந்த துட்டி வீட்டில் அண்ணி என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவளும் அண்ணனும் இராஜபாளையத்திலிருந்து காரில் வந்து வெகுநேரமாகிவிட்டது. அவர்களுடைய ஒன்றரை வயதுப் பிள்ளையைக் காணோமே என்று கேட்டேன்.

"துட்டி வீட்டுக்குள்ள பச்சப்பிள்ளையக் கொண்டாரக் கூடாதுல்லா. கார்ல தூங்குதான்" என்றாள்.

சாவி அண்ணனிடம். அவன் பெரியப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போயிருந்தான்.

ஓடினேன். வெயிலில் நின்ற காருக்குள் பிள்ளை முகம் சிவந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைத்தேன். தண்ணீர் கொடுத்து, ஈரத் துண்டால் துடைத்த பிறகுதான் வாய்விட்டு அழுதான்.

அண்ணன் வந்தவுடன் கண்ணாடியைத்தான் முதலில் பார்த்தான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"பிள்ளைய இப்படிப் போட்டுட்டுப் போனா மூணு வருசம் வரைக்கும் ஜெயில்ணே."

"ஏட்டி, வக்கீல் வேலையெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டோட வச்சுக்க. பிள்ளைக்குத்தான் ஒண்ணும் ஆகலல்லா."

கூடி நின்ற சொந்தம் முழுக்கத் தலையாட்டியது. சட்டத்தில் அந்தத் தண்டனைக்குப் பிள்ளை சாக வேண்டியதில்லை. இவர்களுக்குச் செத்தால்தான் குற்றம் போலிருக்கிறது.

பிள்ளையை அண்ணியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. எட்டி நின்றபடியே சொன்னாள்:

"துட்டி வீட்டுல இருந்துட்டு, குளிக்காமப் பிள்ளையத் தொட்டுட்டியே."