ஃபோர்க்கில் பூசிய பவுடர்

12-11-1983, சனி

சாந்தியின் பவுடரை வண்டிக்குப் பூசிவிட்டேன்.

மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறது. மேலே சீலிலிருந்தா, அடியில் போல்ட்டிலிருந்தா என்று தெரியவில்லை. மெக்கானிக் காசிம் பாய் எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பவுடர் கேட்டார். வீட்டுக்குப் போய் அவள் விட்டுப்போன டப்பாவை எடுத்து வந்தேன்.

“வீட்ல திட்டப்போறாங்க சார்” என்று சிரித்தார்.

அவள் கோபித்துக்கொண்டு திருமலைராயன்பட்டினத்தில் அம்மா வீட்டுக்குப் போய் நாலு மாதமாகிறது. நான் அதைச் சொல்லவில்லை.

பவுடரைத் தூவிவிட்டு, “பட்டினம் வரைக்கும் போய்ட்டு வாங்க. மேடு பள்ளத்துல ஏறி எறங்குனாத்தான் எங்கேர்ந்து கசியிதுன்னு தெரியும். கசியிற எடத்துல பவுடர் நனைஞ்சிரும்” என்றார்.

அவள் இருக்கிற பட்டினத்துக்குப் போகும் வழியில் அரசலாற்றுப் பாலம் வரைக்கும்தான் போனேன். அதற்குமேல் போக மனம் வரவில்லை. அரை மணி நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினேன்.

பவுடர் கொஞ்சமும் நனையவில்லை. காசிம் பாய் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

“பட்டினம் போனீங்கதானே?”

“போனேன் பாய்.”

“அப்ப லீக் இல்ல சார். பழைய எண்ணெ ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. எடுத்துட்டுப் போங்க.”

நல்ல மெக்கானிக். என் பொய்யால் தப்பாகச் சொல்லிவிட்டார். நேற்றுகூட வாசலில் எண்ணெய் சொட்டியிருந்தது. அது பிரேக்கில் இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும்.

நாளைக்கு நானே பூசிக்கொண்டு போக வேண்டும். பாலத்தைத் தாண்ட வேண்டும். டப்பாவில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருக்கிறது.