வெள்ளைத்தாயின் கேள்வியை அவையில் கேட்க வேண்டி

அனுப்புநர்:
சு. பால்பாண்டி,
பேண்டேஜ் துணி வியாபாரம் (ஓய்வு நேரத்தில் கல்யாணத் தரகு),
பழைய பேருந்து நிலையம் அருகில்,
ராஜபாளையம்.

பெறுநர்:
மாண்புமிகு நாடாளுமன்ற மக்களவை உறுப்பினர் அவர்கள்,
தொகுதி அலுவலகம்.

பொருள்: ராணுவ ஆள்சேர்ப்பு முறையில் செய்யும் மாற்றங்களை நாடாளுமன்றம் முன்கூட்டியே விசாரிக்கவும், அக்னிவீரர்களின் நான்கு ஆண்டுக்குப் பிந்தைய நிலையை அவையில் கேட்டுச் சொல்லவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. காயத்துக்குக் கட்டுத்துணி விற்பதும் கல்யாணம் முடித்து வைப்பதும் ஒரே தொழில்தான் என்பது என் மனைவி காளீஸ்வரியின் கருத்து. வழுக்கையை 'ஏறு நெற்றி' என்றும், வேலையில்லாதவரை 'சொந்தமாகப் பார்க்கிறார்' என்றும் சொல்லிப் பழகியவன் நான். ஆனால் இம்மனுவுக்குக் காரணமான பொய்யை, பொய் என்று தெரியாமலேதான் சொன்னேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. எங்கள் தெரு வல்லரசு அக்னிவீரராகச் சேர்ந்து வடக்கே எல்லையில் நிற்கிறான். இந்த வருடக் கடைசியில் நான்கு ஆண்டு முடிகிறது. அதன்பின் நாலில் ஒரு பங்குப் பேருக்கு மேல் நிரந்தரமாக வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்கிறார்கள். அவனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பானுப்பிரியாவைப் பேசினேன். பையன் பணியை முடித்து வந்ததும் கல்யாணம் என்று ஏற்பாடு. பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துவிட்டது. என் தொழிலில் இது அபூர்வம்.

3. தாம்பூலம் மாற்றும் அன்று பெண்ணின் அத்தை வெள்ளைத்தாய் விசாரணையைத் தொடங்கினார். பால்கோவா கடை வைத்திருப்பவர். பேச்சில் மட்டும் இனிப்புச் சேர்ப்பதில்லை. பையன் குறட்டை விடுவானா, அவன் அம்மாவுக்கு யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது வரை கேட்டுவிட்டு, "நாலு வருஷம் முடிஞ்ச பொறவு என்ன?" என்றார். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "பட்டாளத்துல ஒரு மாற்றம் செய்யணும்னா எல்லா எம்.பி.யும் உக்காந்து வரிவரியாப் படிச்சு, கேள்வி கேட்டு, ஓட்டுப் போட்டுத்தான் செய்வாவ. அதெல்லாம் யோசிக்காமலா இருப்பாவ?" என்றேன். அவர் மாற்ற எடுத்த தாம்பூலத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப நம்ம எம்.பி. என்ன கேட்டாரு, அவிய என்ன பதில் சொன்னாவன்னு வாங்கிட்டு வா. அம்புட்டு நாளும் தட்டு இங்கனயே இருக்கட்டும்."

4. ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் எனக்குத் தெரிந்த வக்கீல் இம்மானுவேலிடம் ஓடினேன். "அண்ணாச்சி, அது அமைச்சரவை முடிவா வந்த அறிவிப்பு. முன்னாடி அவையில வச்சு ஓட்டெல்லாம் எடுக்கல. கேள்வியெல்லாம் பொறவுதான்" என்று சிரித்தார். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். நான் ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்குமுன் செய்தி இறங்கிவிட்டது. அடுத்தவர் வீட்டுச் சங்கதியை இதே வேகத்தில் கொண்டு சேர்ப்பவன் என்பதால், இதைப் புகாரில் சேர்க்க எனக்கு உரிமையில்லை.

5. ஐயா, ஒரு வீட்டு மருமகனுக்கே இத்தனை கேள்வி. பட்டாளத்தில் யார், எத்தனை பேர், எத்தனை ஆண்டு என்பதை மாற்றுமுன் அதில் பாதியாவது அவையில் கேட்க வேண்டாமா? கேட்டால் காரியம் கெட்டுவிடாது. நல்ல இடமென்றால் எந்தக் கேள்விக்கும் பதில் இருக்கும். நான் கொண்டுபோகும் இடங்களில்தான் எனக்கு வியர்க்கும்.

6. ஆகவே, இனி இத்தகைய மாற்றங்கள் அறிவிப்பாகும் முன்பே அவையிலும் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவிலும் வைக்கப்பட வேண்டும் என்று தாங்கள் வலியுறுத்த வேண்டுகிறேன். நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்படுபவரை எப்படித் தேர்வு செய்கிறார்கள், திரும்பி வருபவருக்கு என்ன வேலை உறுதி என்பதைக் கேட்டு, பதிலைத் தமிழில் அனுப்பவும். ஆங்கிலத்தில் வந்தால் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். வெள்ளைத்தாய் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

7. தட்டு நின்றுபோனதை வல்லரசுக்குப் போனில் சொன்னேன். வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடவா என்றும் கேட்டேன். "வேண்டாம் அண்ணாச்சி. எனக்கே தெரியாததை அவியகிட்ட எப்படிச் சொல்லுவீய? தெரிஞ்சவுக யாருட்டயாவது கேட்டுச் சொல்லுங்க. அந்தப் புள்ள தெரிஞ்சுதான் சரின்னு சொல்லணும்" என்றான். எனக்குத் தெரிந்தவர்களில் இதைக் கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர் தாங்கள் ஒருவரே. தட்டு இன்னும் வெள்ளைத்தாய் வீட்டில்தான் இருக்கிறது.

மேலே கண்டவை அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறேன். ஒரு மாப்பிள்ளையைப் பற்றி நான் இப்படி எழுதிக் கொடுப்பது இதுவே முதல் முறை.

இடம்: ராஜபாளையம்
நாள்: 14.05.2026

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சு. பால்பாண்டி