நட்சத்திரம் தெரியாத நால்வர்

அண்ணை,

உங்கள் பழுப்புக் கோப்பைத் திறந்ததும் ஓடிக்கொலோன் மணந்தது. கைக்குட்டைக்குத் தெளித்த மிச்சத்தைத் தாளுக்கும் தெளிப்பீர்களோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். இனி யாரைக் கேட்பது?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு உங்கள் கல்வெட்டு அச்சாகி வரவேண்டும். இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. ஸ்டுட்கார்ட்டில் கண்மூடிய நம்மவர்களில் பாதிப்பேரின் வாழ்க்கையை அந்த நினைவுப் புத்தகங்களில் எழுதியவர் நீங்கள். தட்டச்சு செய்து பக்கம் அமைத்தவள் நான். உங்களுடையதை எழுத ஆளில்லாமல், அக்கா, உங்கள் மனைவி, இந்தக் கோப்பை என் மடியில் வைத்துவிட்டார். "பிள்ளை, நீர்தான் எழுதவேணும். அவருக்குப் பொய் பிடிக்காது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பல்வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருப்பவள். டெர்மின் என்று நேரம் குறித்துவிட்டு வராதவர்கள் சொல்லும் கதைகளை நாள்முழுக்கக் கேட்டுக் கேட்டு, 'காலை வணக்கம்' என்றாலே மணிக்கூட்டைப் பார்க்கும் புத்தி எனக்கு. உங்களிடமும் அப்படித்தான் இருந்தேன். முக்கியமாக அந்த அர்ச்சனைச் சீட்டுகள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் நான்கு சீட்டு எடுப்பீர்கள்: தவம், குணம், ரஞ்சன், சிவபாலன். உங்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள்தான். ஐயர் நட்சத்திரம் கேட்டால், "தெரியாது ஐயா" என்பீர்கள். சொந்தமென்றால் நட்சத்திரம் தெரியாமலா இருக்கும்? அக்காவுக்குத் தெரியாமல் ஊரில் இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று ஏழெட்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிறகு அந்த அமெரிக்கன் வந்தான். பழைய சாமான் சந்தையில் அட்டை கிழிந்த அந்த ஆங்கிலப் புத்தகத்தை நீங்கள் வாங்கியபோது நானும் பக்கத்தில் நின்றேன். அதை எழுதிய அமெரிக்கன் நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய பத்திரிகை நிருபர். போர்முனையிலிருந்து தந்தியடித்தவன், பிறகு தளபதிகளுக்கும் தேர்தலில் நின்றவர்களுக்கும் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுத்தவன். "எல்லாற்றை சீவியத்தையும் எழுதினவன். இவன்ரையை ஒருத்தரும் ஒழுங்கா எழுதேல்லைப் பாரும்" என்றீர்கள். அன்று முதல் கொப்பி கொப்பியாக அவன் கதையை எழுதினீர்கள். சனிக்கிழமைகளில் நான் அதைத் தட்டச்சு செய்தேன்.

ஊரில் நிருபராக இருந்த நாளிலிருந்தே உங்களுக்கு ஒரு கறார் இருந்தது. "ஒரு வாய் சொன்னால் கதை, ரெண்டு வாய் சொன்னால்தான் செய்தி." கல்வெட்டு எழுதும்போதும், இரண்டாவது வாய் கிடைக்காத வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போடுவீர்கள். அப்படிப்பட்ட வரியை அச்சுக்கு விடமாட்டீர்கள். மனைவியின் வாயைக் கணக்கில் எடுப்பதேயில்லை. "மனுசிமார் செத்தவரைக் கடவுளாக்கிப் போடுவினம்."

அந்த நாட்களில் ஒருமுறை, தேநீர் குடித்துக்கொண்டே உங்கள் சட்டைக் கொலர் கதையைச் சொன்னீர்கள். ஊரில் இராணுவம் பிடித்துக்கொண்டுபோன பதினொரு பெடியன்களின் பெயர்களை மெல்லிய தாளில் எழுதி, கொலருக்குள் வைத்துத் தைத்து, சென்றிச் சோதனைச்சாவடி தாண்டிப் பத்திரிகைக்குக் கொண்டுபோனீர்களாம். சென்றியில் நின்ற ஆமிக்காரன் அதே கொலரைப் பிடித்துத்தான் உலுக்கினானாம். நான் சிரித்துவிட்டேன். "அண்ணை, கதை விடாதேங்கோ. உங்கடை அமெரிக்கன்ரை புத்தகத்திலை இருந்து எடுத்ததோ?" நீங்கள் தேநீரை முடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்தீர்கள்.

மூன்று மாதம் கழித்து உங்கள் கொப்பியில் அதே கொலர் அமெரிக்கனின் கழுத்தில் வந்தது. எதிரிப்படையிடம் பிடிபட்டவன், மாண்டவர்களின் பெயர்களைக் கொலருக்குள் தைத்துக் கொண்டுவருகிறான். தட்டச்சு செய்யும்போதே எனக்கு மெய்சிலிர்த்தது. "பாருங்கோ, இவனெல்லோ நிருபர்!" என்றேன். "ஓம்" என்றீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் கோப்பின் அடியில் பழைய அன்ட்ராக்கின், உங்கள் அகதி விண்ணப்பத்தின், பிரதி கிடந்தது. சந்தையில் அந்தப் புத்தகத்தை வாங்குவதற்கு இருபது வருடம் முந்தியது. அதில் அதே கொலர், பதினொரு பெடியன்கள் என்ற அதே கணக்கு. கீழே அதிகாரியின் முடிவு: விண்ணப்பதாரர் கூறுவது நம்பத்தக்கதல்ல.

அப்போதும் என் புத்தி அடங்கவில்லை. அகதி கேஸுக்கு நாங்கள் எல்லோரும் கொஞ்சம் கட்டித்தான் சொன்னோம். என் கேஸிலும் இரண்டு வரி என்னுடையதல்ல. நீங்கள் மட்டும் அரிச்சந்திரனா? அமெரிக்கனின் புத்தகத்தை இரண்டு நாள் இருந்து வரி வரியாகப் பார்த்தேன். அதில் கொலரும் இல்லை, தையலும் இல்லை. நேற்று அக்காவிடம் போய் நேரே கேட்டேன்.

"கொலரைப் பிரிச்சது நான்தானே" என்றார் அக்கா. "பயத்திலை வேர்த்த வேர்வையிலை தாள் ஊறிப்போச்சு. பதினொரு பேரிலை நாலைத்தான் வாசிக்க ஏலுமாயிருந்தது. மற்ற ஏழு பேரையும் துலைச்சுப் போட்டன் எண்டு சாகுமட்டும் அழுதவர்."

"எந்த நாலு பேர் அக்கா?"

அவர் யோசிக்கவேயில்லை. "தவம், குணம், ரஞ்சன், சிவபாலன். செத்தவைக்கு அர்ச்சனை செய்யிறேல்லை எண்டு நான் சொல்லுவன். அவையள் செத்ததெண்டு ஆர் கண்டது எண்டு என்னோடை பாய்வார்."

ஜெர்மன்காரன் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. உங்கள் சொந்தக் கதையை யாரோ ஒரு வெள்ளைக்காரனின் கழுத்தில் மாட்டிய பிறகுதான் நம்பினேன். மன்னியுங்கள் அண்ணை. உயிரோடு இருந்தபோது கேட்டிருக்க வேண்டும்.

கொலரை உங்கள் கல்வெட்டில் எழுதிவிட்டேன். பழக்கத்தில் கை பென்சிலுக்குப் போனது. மனைவியின் வாய் கணக்கில் இல்லை என்பது உங்கள் சட்டம்தான். ஆனால் அந்த நான்கு பெயர்களையும் கோயிலில் வருடா வருடம் உங்கள் வாயால் கேட்டு நின்றவள் நான். இரண்டாவது வாயாக என்னை வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன்.

ஆடியில் திருவிழா வருகிறது. நான்கு சீட்டும் நான் எடுப்பேன். ஐயர் நட்சத்திரம் கேட்டால், தெரியாது என்பேன். உங்கள் பெயருக்கு மட்டும் சீட்டு எடுக்க ஏலாது அண்ணை. நீங்கள் போய்விட்டீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.