மூலை மாறச் சொன்ன ஆளுநர்

அன்புள்ள எம்மெட்டுக்கு,

இரத்த அழுத்த மாத்திரையை வேளை தவறாமல் விழுங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். அயோவா மாநிலத்துக் குளிர்தான் என்னைவிடப் பிடிவாதமாக இருக்கிறது.

செய்தியில் பார்த்திருப்பீர்கள். யாருக்காக இங்கே வந்து வீடு வீடாக ஆதரவு கேட்டேனோ, அந்த ஆளுநர் நம் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியிலிருந்து விலகிவிட்டார். போதாக்குறைக்கு, அதே போட்டியில் நிற்கும், நீங்கள் கொண்டாடும் செனட்டரை ஆதரிப்பதாகவும் அறிவித்துவிட்டார். எங்களையும் செனட்டருக்காக உழைக்கச் சொன்னார்கள். சிரிக்காதீர்கள்.

போன வாரம் ஆளுநருக்காக நான் இணங்கவைத்த பால்பண்ணைக்காரி லோர்னாவிடமே நேற்று மறுபடி போனேன்.

"ஏம்மா, மாட்டுத் தரகன்கூட ஒரே வாரத்துல ரெண்டு மாட்டை ஒரே வாயால புகழமாட்டானே!" என்றாள்.

"ஆளுநரே சொல்லிட்டாரு."

"அவரு ஓட்டை அவரு யாருக்கு வேணா குடுக்கட்டும். என் ஓட்டை அவருகிட்ட யாரு குடுத்தா? அது கெடக்கட்டும், நீங்க யாரு பக்கம்?"

அவள் தந்த காப்பியைக் குடித்துவிட்டு வந்து, வேலையை விட்டுவிட்டேன். வியாழக்கிழமைப் பேருந்தில் வீட்டுக்கு வருகிறேன்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கட்சிக்காரர்கள் வேட்பாளருக்கொரு மூலையாகப் பிரிந்து நின்று தலை எண்ணும் நாளில், நாம் இதுவரை ஒரே மூலையில் நின்றதில்லை. இம்முறையும் உறுதி சொல்லமாட்டேன். ஆனால் இந்த வாடகை அறையில் எதிர்த்துப் பேச ஆளில்லாமல் என் நாக்கு துருப்பிடித்துவிட்டது.

பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போக மடக்கு நாற்காலி இரண்டையும் துடைத்து வையுங்கள், முழங்கால் நிற்கவிடாது. தபால் வண்டி வந்துவிட்டது. எந்த மூலை என்பதை அங்கே போய்ச் சண்டையிட்டு முடிவு செய்யலாம்; நாற்காலிகள் அருகருகே இருக்கட்டும்.

வெர்னா