மானிட்டர் மங்கலா, கண் மங்கலா?

4.6.2007, திங்கள்

புது லேப்டாப்போடு பதினேழு அங்குலத் தட்டை மானிட்டர் ஒன்றையும் ஆபீசில் கொடுத்துவிட்டார்கள். நீலத் தலை கேபிளைச் சொருகி, இரண்டு திருகையும் முடுக்கினேன். படம் வந்துவிட்டது. பட்டாபிராமன் சார் எட்டிப் பார்த்து, "இனிமே கண்ணுக்குச் சிரமமில்லை சியாமளா" என்றார்.

மாமல்லபுரத்துப் பட்டறைகளுக்குக் கல்தூண் அளவுப் படம் போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. பழைய குண்டு மானிட்டரில் பதினொரு வருஷம் போட்டிருக்கிறேன். இதில் ஏனோ கோடெல்லாம் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கிறது. பழகிவிடும்.

6.6.2007, புதன்

பழகவில்லை. கேபிளில்தான் கோளாறு என்று லேப்டாப்பின் சொந்தத் திரையைப் பார்த்தேன். அதிலும் அதே மங்கல். இரண்டும் ஒரே நாளில் கெட்டுப்போகுமா? அப்போ கெட்டது எது?

வீட்டுக்கு வந்து இருமல் மருந்து பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்தேன். எழுத்து ஆடியது. கையைத் தள்ளி நீட்டினால்தான் நின்றது.

வேண்டாம். இதை எழுதக்கூட வேண்டாம்.

7.6.2007

அப்பாவுக்கு நாற்பத்து நாலில் பார்வை போயிற்று. எனக்கு நாற்பத்து இரண்டு.

9.6.2007, சனி

தம்பி ஜெயக்குமார் டூரிஸ்ட் வேனை ஆபீஸ் வாசலில் நிறுத்திவிட்டு டீ குடிக்க வந்தான். அவனிடம் மட்டும் சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்திருக்கும்.

"அப்பாவுக்கு வந்ததுதான்டா எனக்கும். கண்ணுக்குள்ள பிரஷர்."

"சும்மா கெட யக்கா. எங்க, காட்டு."

உள்ளே வராமல் கதவருகிலேயே நின்று திரையைப் படித்தான். "நானூத்தி அறுவத்தஞ்சு. கீழ இர்நூத்திப் பத்து. எனுக்கு இங்கேர்ந்தே சூப்பரா தெரிது. இன்னாக்கா, இதுகூடவா தெரில உனுக்கு?"

சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

வாசலில் நிற்கிறவனுக்குத் தெரிகிறது, முன்னால் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

12.6.2007, செவ்வாய்

ஐயோ, நடந்தே விட்டது. பழைய படத்தை ஸ்கேன் செய்து, திரையில் பார்த்து அளவுகளை எடுத்து எழுதினேன். தூணின் கழுத்து 386. நான் போட்டது 336. பட்டறையில் வெட்டியும் விட்டார்கள்.

சார் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "வெட்டின கல்லு திரும்ப வளருமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

14.6.2007, வியாழன்

ராஜினாமாக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். காரணம் என்று 'குடும்பச் சூழ்நிலை' போட்டேன். கண் என்று எழுதக் கை வரவில்லை.

குமார் செங்கல்பட்டில் கண் ஆஸ்பத்திரியில் பத்தொன்பதாம் தேதிக்குப் பேர் கொடுத்துவிட்டான். "நானே இட்டுகினு போறேன். பயந்துகினே இருந்தா சரியாப் பூடுமா?" எனக்குப் போகவே கூடாது என்றிருக்கிறது. போகாத வரைக்கும் எதுவும் நிச்சயமில்லை, இல்லையா?

18.6.2007, திங்கள்

கடவுளே! கடவுளே!

பிரிண்டரைப் பார்க்கக் கம்ப்யூட்டர் கடையிலிருந்து சாராள் வந்தாள். சோதித்துப் பார்க்க என் நாற்காலியில் உட்கார்ந்தவள் முகத்தைச் சுளித்தாள். "இன்னா மேடம் இது, இப்பிடி மங்கிக் கீது? எப்பிடி இதுல வேலை செய்றீங்க?"

நான் அவள் பக்கத்தில் குனிந்தேன். "உனக்கும் மங்கலாத் தெரியுதா?"

"தெரியாம? ரெண்டு ஸ்கிரீன்லயும் ஒரே படம் வர்றா மாதிரி கட்டி வெச்சிகீறீங்க. ரெண்டுக்கும் பொதுவா ஒரு அளவு வேணும்னு ஆயிரத்து இருவத்துநாலுக்கு எழுநூத்தி அறுவத்தெட்டுல நிக்குது. ரெண்டுக்குமே அது சொந்த அளவு இல்ல. இழுத்து இழுத்துக் காட்டுது, மங்காம இன்னா பண்ணும்? தூரத்துலேர்ந்து பாத்தா தெரியாது."

இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தாள். மானிட்டருக்கு 1280க்கு 1024 என்று வைத்தாள். மானிட்டர் அடியிலிருந்த ஆட்டோ பட்டனை அழுத்தினாள். படம் ஒரு முறை நடுங்கி நின்றது.

கோடு கோடாகவே இருந்தது! மூன்று மூன்றாகவே, எட்டு எட்டாகவே! நான் அழுததைப் பார்த்து அந்தப் பெண் பயந்தே போய்விட்டாள். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

குமாருக்கு போன் போட்டேன். "அப்ப ஆஸ்பத்திரி கேன்சலா?" என்றான். பேர் கொடுத்தாயிற்று, அந்த மருந்து பாட்டில் வேறு இருக்கிறது, போய்விட்டே வருவோம், நீயும் அப்பா பிள்ளைதானே, உனக்கும் பார்க்கச் சொல்கிறேன் என்றேன். "எனுக்கா? சர்த்தான்" என்று சிரித்தான்.

19.6.2007

எழுத முடியவில்லை.

20.6.2007, புதன்

அப்பாவைப் பற்றிச் சொன்னதும் இருவருக்குமே எல்லாச் சோதனையும் செய்தார்கள். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். குமார் அதை விளையாட்டுச் சாமான் மாதிரி அழுத்தினான்.

டாக்டரம்மா முதலில் என் காகிதத்தை எடுத்தார். "உங்களுக்கு வெறும் வெள்ளெழுத்துதாம்மா. வயசுக்கு வர்றது. படிக்கக் கண்ணாடி போட்டுக்கோங்க."

நான் "அப்பாடா!" என்று சத்தம் போட்டு அவன் தொடையில் ஓங்கித் தட்டினேன். அவனும் சிரித்தான். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த காகிதம் அவர் கையில் இருந்தது.

இடது கண். நடுவில் கொஞ்சம் மட்டும் பளிச்சென்று இருக்கிறதாம். சுற்றிலும் போய்விட்டதாம். வலது கண் ஈடுகட்டிக்கொண்டிருந்ததால் அவனுக்கே தெரியவில்லை. இந்த வியாதி முதலில் மங்கலைக் காட்டவே காட்டாது, ஓரத்திலிருந்து திருடிக்கொண்டு வரும் என்றார். போனது திரும்பாது. வலது கண்ணைக் காப்பாற்றச் சொட்டு மருந்து, ஆயுசு முழுக்க. வேன் ஓட்டக் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்திருந்தால்? நான் எனக்காக மட்டும்தானே பயந்தேன். அவனுக்கும் அதே அப்பாதான் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லையே எனக்கு!

8.7.2007, ஞாயிறு

காலையில் சொட்டு போடக் குமார் வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டான்.

"யக்கா, ஒரு டெஸ்ட் வெச்சிக்கலாம். நான் நேரா பாத்துகினே கீறேன். நீ எடது பக்கத்துச் செவுத்தோரமா மெல்ல வா. தெரிஞ்சதும் சொல்றேன்."

சுவரை ஒட்டி வந்தேன். அவன் எதிரே மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். பொடி எழுத்தைக்கூட வாய்விட்டுப் படித்தான். "அஷ்டமி. எமகண்டம் பன்னண்டுலேர்ந்து ஒன்னர." படித்து முடித்ததும், "வா யக்கா, ஏன் அங்கயே நிக்கற?" என்றான்.

நான் அவன் இடது தோளுக்குச் சற்று முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.